யூனிவர்சிட்டி ஆராய்ச்சிக்குப் பேர் கொடுக்கலாமா? நானும் வீட்டுக்காரரும் போய்ட்டு வந்த கதை

முதல்லயே சொல்லிடறேன், எந்த யூனிவர்சிட்டி, எந்த ஆஸ்பத்திரின்னு பேர் போட மாட்டேன். கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல இருக்கு, அவ்ளோதான். அவருக்கு இன்னும் அங்க கண்ணு கிளினிக்ல அப்பாயின்மென்ட் ஓடிட்டு இருக்கு, நான் இங்க எழுதறத யாராச்சும் படிச்சிட்டு அங்க மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டா கஷ்டம் எனக்குத்தான். போன தீபாவளிக்கு வந்த சொந்தக்காரங்க எல்லாரும் "காசு தராங்களாமே, எவ்ளோ?"ன்னு கேட்டாங்க, ஒருத்தர் கூட வேற எதுவும் கேக்கல, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சுட்டா இனிமே லிங்க் அனுப்பிட்டு நான் சமையலப் பாக்கலாம்.

நாங்க செந்தூல். நான் வீட்ல டியூஷன் எடுக்கறேன், அவரு ஒரு ஃபேக்டரில மெயின்டனன்ஸ். ரெண்டு பேரும் ரெண்டு வேற வேற ஸ்டடில இருந்தோம். என்னோடது சாப்பாட்டு ஸ்டடி, அவரோடது மாத்திரை ஸ்டடி. ரெண்டும் ஒரே யூனிவர்சிட்டிதான், ஆனா நடத்தற விதம் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம்.

எனக்கு ஆரம்பிச்சது லிஃப்ட் பக்கத்துல ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸ். மாமியார எலும்பு கிளினிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தப்ப, லிஃப்ட் வரவே வராது அங்க, நின்னு நின்னு செவுத்துல இருந்தத எல்லாம் படிச்சேன். நோய் இல்லாதவங்க வேணும், அரிசி சாப்பிட்டு ரத்தத்துல சீனி எப்படி ஏறுதுன்னு பாக்கணும், இந்த நம்பருக்கு வாட்சாப் பண்ணுங்கன்னு போட்டிருந்துச்சு. சோறு சாப்பிட காசு தராங்களான்னு சிரிச்சுக்கிட்டே மெசேஜ் போட்டேன். மறுநாளே ஒரு சீனப் பொண்ணு கூப்பிட்டா, மாஸ்டர்ஸ் படிக்கற பொண்ணாம், வயசு, எடை, உயரம், மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா, மாசமா இருக்கீங்களான்னு கேட்டா, அப்புறம் நேர்ல வர சொல்லி வெறும் வயித்துல ஒரு ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. எனக்கு உள்ளுக்குள்ள பயம்தான், எங்க அம்மாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி), அப்பாவுக்கும் இருந்துச்சு, எனக்கும் வந்திருந்தா அங்கயே தெரிஞ்சிரும். நல்லவேளை பாஸ்.

இந்த ஸ்டடி எப்படின்னா, ஒரு சாப்பாட்டோட ஜிஐ, அதாவது கிளைசெமிக் இண்டெக்ஸ், அந்தச் சாப்பாடு ரத்தத்துல சீனிய எவ்ளோ ஏத்துதுன்னு சொல்ற நம்பர், அதக் கண்டுபிடிக்கறது. நாம கடையில "லோ ஜிஐ அரிசி"ன்னு பாக்கெட்டு மேல பாக்கறோம்ல, அந்த நம்பர் எங்கேருந்து வருதுன்னு நான் யோசிச்சதே இல்ல. எங்கள மாதிரி பத்து பன்னெண்டு பேர் விரல்ல குத்து வாங்கித்தான் வருது! முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல தண்ணி மட்டும்தான். காலைல எட்டு மணிக்குப் போனா விரல்ல ரெண்டு தடவ குத்துவாங்க, அப்புறம் முதல்ல சாப்பாடு இல்ல, 50 கிராம் குளுக்கோஸ் கலக்கின ஒரு கப் தண்ணி. அத வெறும் வயித்துல குடிச்சுப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும், தொண்டையில சீனிப்பாகு காய்ச்சி ஊத்தின மாதிரி இருக்கும், எனக்கு முதல் தடவ குமட்டிக்கிட்டு வந்துச்சு. அதுக்கப்புறம் 15 நிமிஷம், 30, 45, 60, 90, 120, ஒவ்வொன்னுக்கும் ஒரு குத்து. மொத்தம் எட்டு. பத்து விரல் இருக்குல்ல, ரெண்டு மிச்சம்னு பக்கத்துல இருந்த மலாய்க்கார அக்கா ஜோக்கடிச்சாங்க. இந்த குளுக்கோஸ் தண்ணி நாளு மட்டும் மூணு தடவ, ஏன்னா அதுதான் அளவுகோல், அத 100னு வச்சுக்கிட்டுத்தான் அரிசிக்கு மார்க் போடுவாங்களாம்.

அரிசி நாளுங்க தான் நல்லா ஞாபகம் இருக்கு. வெள்ளை பிளாஸ்டிக் கிண்ணத்துல சோறு, மேல 482ன்னு ஒரு நம்பர், வேற எதுவும் எழுதியிருக்காது. தொட்டுக்க ஒன்னும் கிடையாது. குழம்பு இல்ல, ரசம் இல்ல, ஒரு சொட்டு மோர் கூட இல்ல, உப்பே இல்ல. காலை எட்டு மணிக்கு வெறும் சோத்த பன்னெண்டு நிமிஷத்துல முடிக்கணும், அந்த சீனப் பொண்ணு ஸ்டாப்வாட்ச் வச்சுக்கிட்டு எதிர்ல நிக்கறா. எங்க அம்மா இதப் பாத்திருந்தா அழுதிருப்பாங்க. நானும் நாலு வாய்க்கு மேல முழுங்க முடியாம தண்ணியக் குடிச்சு குடிச்சு இறக்கினேன், அந்தத் தண்ணியும் அளந்து வச்சது, 250 மில்லி, கூட கேட்டா தர மாட்டாங்க. மூணாவது வாரம் 719னு ஒரு கிண்ணம் வந்துச்சு, மூடியத் திறந்ததுமே மூக்குல ஏறிடுச்சு, புழுங்கல் அரிசி! அந்த வாசனைய மறைக்க முடியுமா? பருக்கை பருமனா, தனித்தனியா, லேசா மஞ்சள் அடிச்சுக்கிட்டு. நான் "இது பெராஸ் இண்டியா (இந்திய அரிசி) தானே"ன்னு கேட்டேன், அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டு "சொல்லக் கூடாது காக்"ன்னுட்டா, ஆனா மூஞ்சியிலயே தெரிஞ்சுச்சு.

இந்த எடத்துல ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், ஸ்டடிக்கும் இதுக்கும் நேரடியா சம்பந்தம் இல்ல, ஆனா அங்க ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கறப்ப போன்ல தேடிப் படிச்சு எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. இதே கேஎல்ல 120 வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி அரிசிய வச்சு ஒரு சோதனை நடந்திருக்கு. அப்போ பெரிபெரின்னு ஒரு வியாதி, கால் மரத்துப் போயி வீங்கி, இருதயம் நின்னு சாவாங்க, ஈயச் சுரங்கத்துல வேலை செஞ்ச சீனவங்க கொத்து கொத்தா செத்தாங்க. ஆனா புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்க் கூலிங்களுக்கு அவ்ளோவா வரல, இதக் கவனிச்சு பிராடன்னு ஒரு டாக்டர் அரிசில தான் ஏதோ இருக்குன்னு சொன்னாரு. அப்போ ஃப்ளெட்சர்னு இன்னொரு டாக்டர் 1905 டிசம்பர்ல கோலாலம்பூர் மனநல விடுதில இருந்தவங்கள வரிசையா நிக்க வச்சு ஒன்னு ரெண்டுன்னு எண்ண சொல்லி, ஒத்தைப்படை ஆளுங்களுக்கு தீட்டின சயாம் அரிசி, ரெட்டைப்படை ஆளுங்களுக்குப் புழுங்கல் அரிசின்னு பிரிச்சுட்டாரு. நடுவுல வார்டையும் மாத்திப் பாத்தாரு, ஒருவேளை கட்டடத்துல கிருமி இருக்குமோன்னு. வருஷம் முடியறப்ப சயாம் அரிசி பக்கம் 18 பேர் பெரிபெரில செத்துட்டாங்க, புழுங்கல் பக்கம் ஒருத்தரும் அதுல சாகல. 1907ல லான்செட்ல வந்துச்சு. நெல்ல அவிச்சுக் காய வைக்கறப்ப தவிட்டுல இருக்கற சத்து உள்ள பருக்கைக்குள்ள போயிடுது, அதுதான் இப்போ நாம வைட்டமின் பி1னு சொல்றது, அப்போ வைட்டமின்ங்கற வார்த்தையே கிடையாது.

எவ்ளோ பெரிய கண்டுபிடிப்பு, எத்தன உயிரக் காப்பாத்தியிருக்கும். ஆனா அந்த வரிசையில நின்னவங்ககிட்ட "உனக்கு சம்மதமா"ன்னு ஒருத்தர் கேட்டிருப்பாங்களா? கேட்டாலும் அவங்களால பதில் சொல்லியிருக்க முடியுமா? நான் பன்னெண்டு பக்கம் ஃபார்ம் படிச்சு எல்லா பக்கத்துலயும் சின்னதா கையெழுத்துப் போட்டு, எப்ப வேணா எந்திரிச்சு வீட்டுக்குப் போலாம்னு எழுதிக் கொடுத்ததுக்கப்புறம் அந்த சோத்த சாப்பிட்டேன். முதல் நாள் அந்த ஃபார்ம் "ஐயோ எவ்ளோ பக்கம்"னு சலிச்சுக்கிட்டேன், இதப் படிச்சதுக்கப்புறம் சலிச்சுக்கல.

என்னோட ஸ்டடிக்கு என் மார்க்கு: ரொம்ப நல்லா இருந்துச்சு. நேரத்துக்கு ஆரம்பிச்சு நேரத்துக்கு முடிப்பாங்க, முடிஞ்சதும் மைலோவும் ரொட்டியும் இல்லன்னா நாசி லெமாக்கும் தருவாங்க, ஒவ்வொரு தடவயும் 60 வெள்ளி (ரிங்கிட்) கையில, கடைசில எல்லாரையும் கூப்பிட்டு அவங்கவங்க கிராஃப பிரிண்ட் போட்டுக் கொடுத்தாங்க. எனக்கு புழுங்கல் கோடு மெதுவா மேடேறி மெதுவா இறங்குது, இன்னொரு வெள்ளை அரிசி மலை மாதிரி குத்துன்னு ஏறுது. புழுங்கல் எல்லாமே அப்படித்தான்னு நெனச்சுக்காதீங்க, அரிசி ரகம், வேக வைக்கற விதம் எல்லாத்துக்கும் மாறும்னு அந்தப் பொண்ணே சொல்லிட்டா. அந்தப் பேப்பர் இன்னும் எங்க ஐஸ்பெட்டி மேல ஒட்டியிருக்கு. அம்மா வந்தா அதக் காட்டி "நான்தான் அப்பவே சொன்னேனே"ம்பாங்க, தோட்டத்துல இருந்த காலத்துலேருந்து அவங்க வேற அரிசியே தொட்டதில்ல.

இப்ப அவரு கதைக்கு வரேன், அதுதான் நீங்க எல்லாரும் கேக்கறது.

அவருக்கு இனிப்பு நீர் வந்து எட்டு வருஷம். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டும் எச்பிஏ1சி, அதான் ரெண்டு மூணு மாசத்து சராசரி சீனியக் காட்டற ரத்தப் பரிசோதனை, 8.9லயே நின்னுச்சு. கிளினிக்ல டாக்டர் பாத்துட்டு, ஒரு ஸ்டடி இருக்கு, இப்ப சாப்பிடற மாத்திரையோட இன்னொரு மாத்திரை சேத்து 24 வாரம் பாக்கறது, விருப்பம் இருந்தா சொல்லுங்கன்னாரு. யோசிச்சு சொல்றோம்னு ஃபார்ம வீட்டுக்கு வாங்கிட்டு வந்தோம். இத எல்லாரும் செய்ங்க, அங்கயே கையெழுத்துப் போட வேணாம், வீட்டுக்கு எடுத்துட்டுப் போக விட மாட்டேன்னு யாராச்சும் சொன்னா அந்த ஸ்டடியே வேணாம்.

ஃபார்ம் தமிழ்லயும் இருந்துச்சு. பரவால்லயேன்னு நெனச்சேன், மூணாவது பக்கம் வரைக்கும் தான். "சீரற்ற முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்"ன்னு ஒரு வரி. அவரு "சீரில்லாமலா செய்வாங்க? அப்புறம் எதுக்குப் போறது?"ன்னாரு. அடுத்தது "இது ஓர் இரட்டைக் குருட்டு ஆய்வாகும்". இப்ப அவருக்கு நிஜமாவே பயம் வந்துடுச்சு, இனிப்பு நீர்க்காரங்களுக்குக் கண்ணுதானே போகும்னு கேள்விப்பட்டிருக்காரு, "ரெண்டு கண்ணும் போயிடுமா"ன்னு கேக்கறாரு. நான் சிரிச்சு முடிக்கறதுக்குள்ள "மருந்துப்போலி"ன்னு வந்துச்சு. "பாத்தியா, அவனுங்களே எழுதியிருக்கானுங்க, போலி மருந்தாம்!"

தமிழ் தெரிஞ்ச யாரோதான் மொழிபெயர்த்திருக்காங்க, வார்த்தை எதுவும் தப்பில்ல, ஆனா எங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு ஆள எதிர்ல உக்கார வச்சு ஒரு தடவ படிச்சுக் காட்டியிருந்தா இந்த மூணு வார்த்தையும் மாறியிருக்கும். நல்ல வேளை அங்க ஒரு தமிழ் மிஸ்ஸி (நர்ஸ்) இருந்தாங்க, ஸ்டடி கோஆர்டினேட்டர். ரெண்டாவது தடவ போனப்ப அவங்க உக்காந்து சொன்னாங்க: "அண்ணே, ரெண்டு டப்பா இருக்கு, ஒன்னுல மருந்து, ஒன்னுல வெறும் மாவு, பாக்க ஒரே மாதிரி இருக்கும். உங்களுக்கு எதுன்னு கம்ப்யூட்டர் பூவா தலையா போட்டுப் பாக்கும். எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிஞ்சா நான் உங்களப் பாத்து மூஞ்சியிலயே காட்டிக் கொடுத்துடுவேன்ல, அதான். ஆனா உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உடனே திறந்து பாக்க வழி இருக்கு." ஒரு நிமிஷம்தான் ஆச்சு. அந்த ஒரு நிமிஷத்த அப்படியே டைப் பண்ணி ஃபார்ம்ல போட்டிருந்தா போதும்.

அவங்க சொன்ன இன்னொன்னு எனக்குப் பிடிச்சது. "அண்ணே, இது உங்களுக்கு வைத்தியம் பண்றதுக்கு இல்ல. இந்த மாத்திரை வேலை செய்யுதான்னு தெரிஞ்சுக்கறதுக்கு. உங்களுக்கு நல்லது நடந்தா சந்தோஷம், ஆனா அதுக்காக சேராதீங்க." காசு எவ்ளோன்னு கேக்கற சொந்தக்காரங்க எல்லாரும் இந்த வரிய ரெண்டு தடவ படிங்க.

அம்மா விஷயத்துக்கு வருவோம். "மாப்பிள்ளைய எலி மாதிரி வச்சு சோதிக்கப் போறாங்க, ரத்தத்த எடுத்து வித்துருவாங்க"ன்னு ஒரு வாரம் போன். ரத்தம் ஒரு தடவைக்கு நாலு டியூப், கிட்டத்தட்ட 20 மில்லி, ரெண்டு மேசைக்கரண்டி கூட வராது, ரத்த தானம் பண்ணா 450 மில்லி எடுக்கறாங்க, அதுக்கு பிஸ்கட்தான் கிடைக்கும்னு சொல்லிப் பாத்தேன், கேக்கல. "வெள்ளைக்காரன் மருந்த நம்ம மேல ஏன் சோதிக்கணும்?" இது நல்ல கேள்விதான், நான் ஒத்துக்கறேன். ஆனா 2019 நாட்டு சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காட்டு பேருக்கு இனிப்பு நீர், இந்தியர்கள்ல மட்டும் பாத்தா 31 விழுக்காட்டுக்கு மேல, மத்த எல்லாரையும் விட அதிகம். நம்ம ஆளுங்க யாரும் ஸ்டடில இல்லாம வேற யார் யாரையோ வச்சு சோதிச்சிட்டு அந்த மருந்த நமக்குக் கொடுத்தா மட்டும் சரியா? இன்னொன்னு, ஈரல் அழற்சி சி வகைக்கு ராவிடாஸ்விர்னு ஒரு மாத்திரை, அத மலேசியாவுலயும் தாய்லாந்துலயும் 301 பேர் மேல சோதிச்சு, வேற ஒரு மாத்திரையோட சேத்துக் கொடுத்ததுல 97 விழுக்காட்டு பேருக்குக் குணமாகி, 2021ல நம்ம நாட்டுல பதிவு பண்ணாங்க. அது பெரிய கம்பெனிங்க விக்கற விலையக் கட்ட முடியாதவங்களுக்காகவே செஞ்சது. அந்த 301 பேர் வீட்டுலயும் யாராச்சும் ஒரு அம்மா எலின்னுதான் சொல்லியிருப்பாங்க.

சரி, நல்லது. முதல் நாள் செக்கப்பே பெருசு: ஈசிஜி, சிறுநீர், சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு, ஈரல், கண்ணுக்கு உள்ள போட்டோ. வெளிய தனியார்ல போனா பில்லு எவ்ளோ வரும்னு நெனச்சுப் பாத்தேன். அந்தக் கண்ணு போட்டோலதான் ஆரம்ப நிலைல விழித்திரைல சின்னச் சின்னதா ரத்தக் கசிவு இருக்கறது தெரிஞ்சுது, எங்களுக்கு ஒரு அறிகுறியும் இல்ல, கார் ஓட்டறாரு, பேப்பர் படிக்கறாரு, எல்லாம் சரி. அப்பவே கண்ணு கிளினிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பிட்டாங்க, சாதாரணமா கியூல நின்னிருந்தா எப்ப நம்பர் வந்திருக்குமோ. இது ஒன்னுக்காகவே நான் அந்த ஸ்டடிக்குக் கோபமா மார்க் போட முடியல.

அப்புறம் அந்த கோஆர்டினேட்டர் மிஸ்ஸி. அவங்களுக்குத் தனியா அஞ்சு ஸ்டார். விசிட்டுக்கு முந்தின நாள் போன், "அண்ணே நாளைக்கு, பசியாறாம வாங்க, தண்ணி மட்டும் குடிங்க, மாத்திரை அட்டை காலியா இருந்தாலும் தூக்கிப் போடாம கொண்டு வாங்க". ஆமா, காலி அட்டைய எண்ணுவாங்க. 28 நாளைக்கு எத்தன மாத்திரை கொடுத்தோம், எத்தன மிச்சம், கணக்கு வரணும். ஒரு தடவ மூணு மாத்திரை கூட இருந்துச்சு, இவரு "அதெல்லாம் சாப்பிட்டேனே"ன்னு சாதிச்சாரு, அந்த மிஸ்ஸி திட்டவே இல்ல, "அண்ணே, மறந்தா மறந்துட்டேன்னு சொல்லுங்க, நீங்க பொய் சொன்னா மருந்து பொய் சொல்லும்"னாங்க. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அமைதியா வந்தாரு. எட்டு வருஷமா நான் கத்தியும் மாத்திரை மறக்கற மனுஷன், அன்னைலேருந்து போன்ல அலாரம் வச்சு சாப்பிட்டாரு.

இப்ப கெட்டது. மூணாவது விசிட். அந்த மிஸ்ஸி லீவு, எங்களுக்கு யாரும் சொல்லல. காலைல ஏழே முக்காலுக்குப் போயி உக்காந்தாச்சு, வெறும் வயிறு. எட்டரை ஆச்சு, ஒன்பதரை ஆச்சு, கவுன்டர்ல இருந்தவருக்கு ஸ்டடின்னா என்னன்னே தெரியல, "டிக்கட் எடுங்க"ங்கறாரு, எடுத்தா அது சாதாரண ரத்த கவுன்டர் நம்பர், அங்க போனா "இது எங்க கிட்ட இல்ல". ஒரு சின்ன டாக்டர் பையன் ஓடி வந்து "சாரி புவான், ஸ்டடி டாக்டர் வார்டுல இருக்காரு, இதோ வந்துருவாரு"ன்னு சொல்லிட்டுப் போனவன் போனவன்தான். பதினோரு மணிக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது. நான் மைலோ வாங்கிக் கொடுக்கப் போறேன்னா, இவரு "வேணாம், குடிச்சா இன்னைக்கு ரத்தம் எடுக்க முடியாது, இன்னொரு நாள் லீவு போகும்"ங்கறாரு. கடைசில பதினொன்னே முக்காலுக்கு ரத்தம் எடுத்தாங்க, குத்தின பொண்ணு புதுசு போல, மூணு எடத்துல குத்தி நாலாவதுலதான் வந்துச்சு, அந்த ஊதா மூடி டியூபு பாதிகூட நிறையலன்னு மறுபடியும் ஒரு குத்து. ஒரு வாரம் முழங்கையில கத்திரிக்காய் நிறத்துல இருந்துச்சு. யாரும் வேணும்னு செய்யல, எனக்கும் தெரியும். ஆனா ஒரு மனுஷன நீங்க கேட்டுக் கூப்பிட்டிருக்கீங்க, பட்டினியா வர சொல்லியிருக்கீங்க, அவருக்கு ஒரு ஆள் எதிர்ல நிக்க வேணாமா? ஒரே ஒரு மிஸ்ஸி லீவு போட்டா மொத்த ஸ்டடியும் படுத்துக்குதுன்னா அது அந்த மிஸ்ஸியோட பெருமை, அந்த இடத்தோட சிறுமை.

அடுத்தது காசு. விசிட்டுக்கு 50 வெள்ளி, போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும்னு ஃபார்ம்லயே எழுதியிருக்கு, சம்பளம் இல்ல. சரி. ஆனா அது கையில வராது, கிளெய்ம் ஃபார்ம், ஐசி (அடையாள அட்டை) காப்பி, பேங்க் ஸ்டேட்மென்ட் முதல் பக்கம், எல்லாம் கொடுத்து நாலு மாசம் கழிச்சு வந்துச்சு, அதுவும் ரெண்டு விசிட்டு காசு விட்டுப் போயி நான் மூணு தடவ போன் அடிச்சு வாங்கினேன். சாப்பாட்டு ஸ்டடில ஒரு மாஸ்டர்ஸ் படிக்கற பொண்ணு அன்னைக்கே கையில கொடுத்தா, இங்க பெரிய மருந்து ஸ்டடில நாலு மாசம், இதுக்கு என்ன கணக்குன்னு எனக்குப் புரியல. கிரேப்ல போனா போக வரவே அந்தக் காசுல பாதி, கார்ல போனா பார்க்கிங் கிடைக்கறதுக்குள்ள சீனி ஏறிடும்.

எல்லாத்தையும் விட வேலை எடத்துப் பிரச்சனை. எம்சி, அதான் டாக்டர் தர்ற லீவு சீட்டு, தர மாட்டாங்க, வந்து போன நேரத்தப் போட்ட டைம் ஸ்லிப் மட்டும்தான், நியாயம்தான், அன்னைக்கு உடம்பு முடியாம போகலையே. ஆனா ஃபேக்டரில டைம் ஸ்லிப் கொண்டு போனா அரை நாள் ஆனுவல் லீவு வெட்டிட்டாங்க. ஏழு விசிட்டு, மூணரை நாள் லீவு. 50 வெள்ளி வாங்கறதுக்கு அதவிட மதிப்பான லீவு போச்சு. சேர்றதுக்கு முன்னாடி உங்க எச்ஆர் கிட்ட கேட்டுக்குங்க, நாங்க கேக்கல.

24 வாரம் முடிஞ்சப்ப எச்பிஏ1சி 7.8. ஒரே சந்தோஷம். மருந்தா மாவான்னு தெரியாது. எனக்கென்னமோ அந்த மிஸ்ஸிதான் மருந்துன்னு தோணுது, மாசா மாசம் ஒருத்தர் போன் பண்ணி "என்ன சாப்பிட்டீங்கண்ணே"ன்னு கேட்டா எந்த மனுஷன்தான் ராத்திரி பத்து மணிக்கு ரொட்டி சானாய் சாப்பிடுவான், தே தாரிக் கூட பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங் ஆயிடுச்சு. கடைசி நாளு மிச்ச மாத்திரை எல்லாத்தையும் வாங்கிக்கிட்டாங்க. இனிமே அந்த மாத்திரை கிடைக்குமான்னு கேட்டோம், கிடைக்காது, பழைய மருந்துக்கே திரும்பணும்னாங்க. ஃபார்ம்ல பத்தாவது பக்கத்துல இருந்துச்சாம், நாங்கதான் கண்ணப் பத்தியும் போலியப் பத்தியும் சிரிச்சதுல அதக் கவனிக்கல.

எனக்கு உண்மையிலயே மனசு ஆறாதது காத்திருந்ததோ காசோ இல்ல, முடிவு சொல்லாததுதான். அந்த மாத்திரை வேலை செஞ்சுதா இல்லையா? அவரு சாப்பிட்டது எது? "எல்லா நாட்டுலயும் முடிஞ்சதும் சொல்வோம்"னாங்க. முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. நான் ரெண்டு தடவ கூப்பிட்டேன், அந்த மிஸ்ஸி வேற எடத்துக்கு மாறிட்டாங்க, இப்ப இருக்கறவங்களுக்கு எங்க நம்பர் சொன்னாத்தான் ஆள் தெரியுது. டாக்டருங்க உலகம் முழுக்க ஒத்துக்கிட்டு 1964ல ஹெல்சிங்கில ஒரு பிரகடனம் எழுதினாங்க, அதோட 2013 திருத்தத்துலயே இருக்கு, கலந்துக்கிட்டவங்க எல்லாருக்கும் பொதுவா என்ன முடிவு வந்துச்சுன்னு தெரிஞ்சுக்க வாய்ப்பு கொடுக்கணும்னு. 2024ல மறுபடியும் திருத்தினப்ப "சப்ஜெக்ட்"ங்கற வார்த்தையையே எடுத்துட்டு "பார்டிசிபன்ட்"னு மாத்திட்டாங்க. இங்க போன்ல எடுத்ததும் முதல் கேள்வி "சப்ஜெக்ட் நம்பர் என்ன?"

நடுவுல என் டியூஷன் பையனோட அண்ணன் ஒருத்தன் கேட்டான், காலேஜ் படிக்கறான், "ஆண்டி, ரெண்டு நாள் தங்கினா நல்ல காசு தராங்களாம், போலாமா"ன்னு. அது வேற மாதிரி ஸ்டடி, பயோஈக்விவலன்ஸ்னு சொல்வாங்க, ஏற்கனவே விக்கற மருந்தோட மலிவு விலை வகை அதே அளவுக்கு ரத்தத்துல சேருதான்னு பாக்கறது. ஆரோக்கியமான ஆளுங்கள ஒரு தடவ ஒன்னு, கொஞ்ச நாள் இடைவெளி விட்டு இன்னொன்னுன்னு சாப்பிட வச்சு மணிக்கொரு தடவ மாதிரி ரத்தம் எடுப்பாங்க, ரெண்டும் 80லேருந்து 125 விழுக்காட்டு எல்லைக்குள்ள ஒத்து வந்தாதான் பாஸ். கிளினிக்ல நமக்குக் கொடுக்கற மலிவு மாத்திரை எல்லாம் அப்படித்தான் வருது, கேவலமா ஒன்னும் இல்ல. அவன்கிட்ட ரெண்டே விஷயம் சொன்னேன். ஒன்னு முடிஞ்சு மூணு மாசமாச்சும் ஆகாம அடுத்ததுக்குப் போகக் கூடாது, காசுக்காக மறைச்சு ரெண்டு எடத்துல சேந்தா உடம்புதான் கெடும். ரெண்டாவது, உண்மைய சொல்லணும், சிகரெட் பிடிச்சா பிடிக்கறேன்னு. அவன் தலைய சொறிஞ்சான், அதுலயே தெரிஞ்சிடுச்சு.

மார்க்கு போடணும்னா, சாப்பாட்டு ஸ்டடிக்கு அஞ்சுக்கு நாலரை, அந்த அரைய வெட்டினது ரசம் கூட இல்லாத சோத்துக்கு. மாத்திரை ஸ்டடிக்கு மூணு. மிஸ்ஸிக்கு அஞ்சு, கண்ணு போட்டோவுக்கு அஞ்சு, மூணாவது விசிட்டுக்கு முட்டை, முடிவு சொல்லாததுக்கும் முட்டை, நீங்களே கூட்டிக்குங்க. போறவங்க கையில ஒரு பையில ரெண்டு பிஸ்கட், ஒரு பாக்கெட் மைலோ, ஒரு ஸ்வெட்டர் வச்சுக்குங்க, ஏர்கோன் அங்க எலும்பு வரைக்கும் போகும்.

போன மாசம் அதே கிளினிக்ல டாக்டர் இன்னொரு ஸ்டடி இருக்குன்னு ஃபார்ம் நீட்டினாரு. நான் வாயத் திறக்கறதுக்குள்ள இவரே கேக்கறாரு: "டாக்டர், மிஸ்ஸி லீவுன்னா யாரு பாப்பாங்க? முடிஞ்சதும் மாத்திரை கிடைக்குமா? ரிசல்ட் எப்ப சொல்வீங்க?" டாக்டர் முதல் ரெண்டுக்கும் பதில் சொன்னாரு. மூணாவதுக்கு "நோட் பண்ணிக்கறேன்"ன்னாரு. ஃபார்ம் இப்ப எங்க வீட்டு மேசை மேல இருக்கு, இந்தத் தடவ பத்தாவது பக்கத்துலேருந்து படிக்க ஆரம்பிச்சிருக்காரு.